கணக்கில் வராத சாவு: தேனாட்டு வயல்களும் தேனீக்களும்

மட்டக்களப்புக்கு ‘மீன்பாடும் தேனாடு’ என்று ஒரு பெயர் இருக்கிறது. மேடைப் பேச்சு, கவியரங்கு, பத்திரிகைத் தலைப்பு என்று எங்கும் கேட்டுப் பழகிய பெயர். அதில் எங்களுக்கும் பங்கு உண்டு. 1961 இல் அம்பாறை தனி மாவட்டமாகப் பிரியும் வரைக்கும் கல்முனை, சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று, பொத்துவில் எல்லாம் மட்டக்களப்பு மாவட்டத்துக்குள்தான் இருந்தன. மட்டக்களப்பு வாவியின் தென்கோடியும் கல்முனைப் பக்கம் வந்துதான் முடிகிறது.

பாடும் மீனைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. கல்லடிப் பாலத்தில் நிலாக் காலத்தில் காது கொடுத்துக் கேட்டவர்களின் கதைகள் ஏராளம். ஆனா பெயரின் மற்றப் பாதியான தேனைப் பற்றி நாங்கள் அவ்வளவாக விசாரிப்பதில்லை. இன்றைக்கு எங்கட வீடுகளில் கருஞ்சீரகத்தோடு குழைக்கிற தேன் பெரும்பாலும் கடைப் போத்தலில் இருந்துதான் வருகிறது. தேனாட்டின் தேனீக்களுக்கு என்ன நடந்தது? கிருமிநாசினியின் வரலாற்றை வாசித்தால் இதற்குப் பாதிப் பதிலாவது கிடைக்கும் என்று நினைத்துத்தான் வாசிக்கத் தொடங்கினோம். வாசிக்க வாசிக்க இன்னொரு கேள்வி முன்னுக்கு வந்தது: இந்த நாட்டில் யாருடைய சாவை எண்ணினார்கள், யாருடைய சாவை எண்ணவில்லை?

காடும் தேனும்

இலங்கையில் தேன் சேர்க்கிற தேனீக்கள் பிரதானமாக நான்கு வகை. பாறையிலும் உயரமான மரக்கிளையிலும் ஒற்றை அடையாகக் கட்டும் பெருந்தேனீ. மரப்பொந்திலும் புற்றிலும் அடுக்கடுக்காக அடை வைக்கும் பொந்துத் தேனீ. பெட்டியில் வைத்து வளர்ப்பது இதைத்தான். பற்றையில் சின்னக் கொம்பைச் சுற்றிக் கட்டும் கொம்புத்தேனீ. சுவர் ஓட்டையிலும் மரத் துவாரத்திலும் குடியிருக்கும், கொட்டத் தெரியாத கொசுத்தேனீ.

கண்டி இராச்சியத்தில் 1660 முதல் 1679 வரை கைதியாக இருந்த ஆங்கிலேயர் ரொபர்ட் நொக்ஸ், 1681 இல் வெளிவந்த தன் நூலில் இந்தத் தீவின் தேனீக்களை மூன்று வகையாகப் பிரித்து எழுதியிருக்கிறார். ஊரே ஒன்றாகத் திரண்டு காட்டுக்குத் தேனெடுக்கப் போவதைப் பற்றியும், வேடர்கள் இறைச்சியைத் தேனில் ஊற வைத்து மரப்பொந்தில் மூடிப் பாதுகாப்பதைப் பற்றியும் அதில் இருக்கிறது. 1911 இல் செலிக்மன் தம்பதியர் வேடர்களைப் பற்றி எழுதிய நூலிலும் பாறையில் ஏணி கட்டி இறங்கித் தேனெடுக்கும் முறைக்கு முக்கிய இடம் உண்டு. வேடர்கள் வாழ்ந்த அந்தக் காடுகளில் ஒரு பகுதி எங்கட வயல்களுக்கு மேற்கே, பட்டிப்பளை ஆறு இறங்கி வருகிற பக்கம்தான் இருந்தது.

எங்கட ஆக்களுக்குத் தேன் வெறும் இனிப்பு இல்ல. குர்ஆனின் 16 ஆவது அத்தியாயத்தின் பெயரே ‘அந்நஹ்ல்’, தேனீ என்றுதான் அர்த்தம். மலையிலும் மரத்திலும் மனிதர் கட்டுவதிலும் தேனீ கூடு கட்டுவதையும், அதன் வயிற்றில் இருந்து வருவதில் மனிதருக்கு நிவாரணம் இருப்பதையும் அந்த அத்தியாயம் பேசுகிறது. மதரசாவில் ஓதிய பிள்ளைகளுக்கு இது புதுசு இல்ல. தேனை மருந்தாகப் பார்க்கிற ஊரில், வயலுக்கு அடிக்கிற நஞ்சுக்கும் ‘மருந்து’ என்றுதான் பெயர்.

டி.டி.டியும் கல்லோயாவும்

அந்தக் காடு வயலாக மாறிய கதை நுளம்பில் இருந்து தொடங்குகிறது. 1934–35 இல் வந்த மலேரியா இலங்கையில் சுமார் 80,000 பேரைக் கொன்றது. உலர் வலயத்தில் குடியேறப் பயந்த காலம் அது. சுவிட்சர்லாந்தின் போல் முல்லர் 1939 இல் டி.டி.டி பூச்சியைக் கொல்லும் என்று கண்டுபிடித்தார். 1948 இல் அதற்காக நோபல் பரிசும் வாங்கினார். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு இலங்கையில் வீட்டுச் சுவர்களுக்கு டி.டி.டி அடிக்கத் தொடங்கினார்கள். பலன் அசாதாரணமானது. 1963 இல் நாடு முழுவதிலும் பதிவான மலேரியா நோயாளர்கள் வெறும் 17 பேர்.

1949 இல் கல்லோயாத் திட்டம் தொடங்கியது. கல்லோயா என்பது பட்டிப்பளை ஆற்றின் சிங்களப் பெயர். இங்கினியாகலையில் அணை கட்டி சேனநாயக்க சமுத்திரம் உருவானது. காடு வெட்டிக் குடியேற்றங்கள் வந்தன. இந்தத் திட்டத்தின் இன அரசியலைப் பற்றி வேறு இடங்களில் நிறைய எழுதப்பட்டிருக்கிறது. நாங்கள் இங்கே பார்ப்பது ஒரு சின்ன விஷயம். பெருந்தேனீயும் பொந்துத் தேனீயும் இருந்த மரங்கள் போய், அந்த இடத்தில் ஒரே பயிர் வந்தது. டி.டி.டி இல்லாமல் இவ்வளவு சனத்தை அந்தக் காட்டுக்குள் குடியேற்றியிருக்க முடியாது. டி.டி.டி தேனீயை நேராகக் கொன்றதை விட, காடு வயலாவதற்கு வழி திறந்துவிட்டதுதான் பெரிசு.

டி.டி.டியின் வெற்றி நீடிக்கவில்லை. அடிப்பதைக் குறைத்ததும் 1968–69 இல் மலேரியா திரும்ப வந்து லட்சக்கணக்கானோரைத் தாக்கியது. நுளம்பும் டி.டி.டிக்குப் பழகிவிட்டது, 1970களில் மலத்தியனுக்கு மாற வேண்டி வந்தது. ஒரு நஞ்சு தோற்றால் இன்னொரு நஞ்சு. இந்தப் பழக்கத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வயலிலும் இதேதான் நடந்தது.

வேளாண்மையும் ‘மருந்தும்’

எங்கட பக்கம் நெற்செய்கைக்கு ‘வேளாண்மை’ என்றே பெயர். போடியார், வட்டவிதானை, முல்லைக்காரன், வாடி, சூடடிப்பு என்று அதற்கென்று ஒரு முழு மொழியே இருந்தது. 1950களின் கடைசியில் பத்தலகொடை ஆராய்ச்சி நிலையத்தில் இருந்து எச்–4 நெல் வந்தது. அதற்குப் பிறகு ‘பி.ஜி’ என்று தொடங்கும் குட்டை இனங்கள் வந்தன. யூரியாவுக்கு நன்றாக விளையும் நெல் இவை. விளைச்சல் கூடியது, பசி குறைந்தது. இதை யாரும் மறுக்க முடியாது. ஆனா நெருக்கமாகவும் பச்சையாகவும் வளர்ந்த வயல் பூச்சிக்கும் விருந்தாகியது. பசளை வாங்குகிற கடையிலேயே கிருமிநாசினியும் களைநாசினியும் வாங்குவது வழக்கமாகியது.

அம்பாறை விவசாயிகளுக்கு கபிலத் தத்தி என்றால் யார் என்று சொல்லத் தேவையில்லை. நெல்லின் அடித்தண்டில் இருந்து சாறு உறிஞ்சும். வயல் வட்ட வட்டமாக எரிந்தது போல காய்ந்துவிடும். இந்தப் பூச்சியைப் பற்றி ஆசியா முழுவதும் கற்ற பாடம் ஒன்று இருக்கிறது. தத்தியைத் தின்கிற சிலந்தியையும் மற்றப் பூச்சிகளையும் மருந்து முதலில் கொல்கிறது. தப்பிய தத்தி எதிரியே இல்லாமல் பெருகுகிறது. கூட மருந்து அடித்தால் கூடத் தத்தி. இதைப் புரிந்துகொண்ட இந்தோனேசியா 1986 இல் நெல்லுக்கு அடிக்கும் 57 மருந்துகளை ஒரே ஆணையில் தடை செய்தது. உணவு விவசாய அமைப்பின் உதவியோடு இலங்கையிலும் 1980களில் இருந்து ஒருங்கிணைந்த பீடை முகாமைத்துவம் கற்பிக்கப்பட்டது. பாடம் இருந்தது, ஆனா கடைக்காரர் பக்கத்தில் இருந்தார், விவசாயப் போதனாசிரியர் தூரத்தில் இருந்தார்.

எண்ணப்பட்ட சாவு

இந்த நாட்டில் நஞ்சு பற்றிய சட்டம் எதற்காக வந்தது? மனிதர் செத்ததால்தான்.

1982 இல் ஜே. ஜெயரத்னமும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வு, 1970களின் பிற்பகுதியில் வருடம் ஒன்றுக்கு ஏறத்தாழ 13,000 பேர் பீடைகொல்லி நஞ்சால் அரச ஆஸ்பத்திரிகளில் சேர்ந்தார்கள், 1,000 பேர் இறந்தார்கள் என்று காட்டியது. அதில் பெரும்பகுதி தற்கொலை முயற்சிகள். 1980 இல் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. பதிவாளர் ஒருவர் நியமிக்கப்பட்டார். 1984 இல் பரத்தியனும் மெதைல் பரத்தியனும் தடை. 1995 இல் மொனோகுரோட்டொபொஸும் மெத்தமிடொபொஸும் தடை. விவசாயிகள் என்டோசல்பானுக்கு மாறினார்கள். அதனால் சாவு கூடியது. 1998 இல் அதுவும் தடை. 2008 க்குப் பிறகு பரகுவாட், டைமெத்தோவேட், பென்தியன் ஆகியவை படிப்படியாக நிறுத்தப்பட்டன.

இது பெரிய வெற்றி. 1995 அளவில் இலங்கையின் தற்கொலை விகிதம் உலகிலேயே மிக உயர்ந்தவற்றில் ஒன்று. அதற்குப் பிறகு 20 வருடத்தில் அது ஏறத்தாழ 70 சதவீதம் குறைந்தது. இந்தத் தடைகள் 93,000 உயிர்களைக் காப்பாற்றின என்று 2017 இல் ஒரு ஆய்வு கணித்தது. இலங்கை அரசு செய்த நல்ல காரியங்களின் பட்டியல் போட்டால் இது முதல் வரிசையில் வரும். எங்கட குடும்பங்களிலும் இதனால் உயிரோடு இருக்கிறவர்கள் இருப்பார்கள்.

ஆனா இந்தத் தடைகள் எந்த அளவுகோலில் நடந்தன என்று பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் பீடைகொல்லிகளை ஆபத்து வகுப்புகளாகப் பிரிக்கிறது. அந்தப் பிரிப்பின் அடிப்படை, எவ்வளவு கொடுத்தால் பரிசோதனை எலிகளில் பாதி சாகும் என்பது. எலி மனிதனுக்குப் பதிலாள். தேனீக்கு அந்த அளவுகோலில் இடமே இல்ல. எலி பிழைத்தால் மருந்து ‘பாதுகாப்பானது’.

மாற்று வந்தபோது

பழைய மருந்துகள் போன இடத்துக்கு உலகம் முழுவதும் புதிய வகை ஒன்று வந்தது: நியோனிகொட்டினொயிட். இமிடாக்ளோபிரிட், தியாமெதொக்சாம் என்ற பெயர்களைக் கடையில் போத்தலிலும் பைக்கற்றிலும் பார்த்திருப்பீர்கள். பூச்சியின் நரம்பில் நிகோட்டின் ஒட்டுகிற அதே இடத்தில் இவை ஒட்டுகின்றன. அந்த இடம் பாலூட்டிகளில் வேறு மாதிரி இருப்பதால் மனிதனுக்கு நஞ்சு குறைவு. பூச்சிக்கு மிக அதிகம்.

எவ்வளவு அதிகம்? ஒரு தேனீக்கு இமிடாக்ளோபிரிட்டின் கொல்லும் அளவு சுமார் 4 நானோகிராம். அதாவது ஒரு கிராம் மருந்தைச் சரியாகப் பங்கு வைத்தால் 25 கோடி தேனீக்களுக்கு அந்த அளவு கிடைக்கும். அதில் பாதி செத்துப்போகும். கணக்கில் இது பிழை இல்ல, நாங்க இரண்டு தரம் போட்டுப் பார்த்தோம்.

இன்னொரு பிரச்சினை, இந்த மருந்து செடிக்குள்ளேயே ஏறுகிறது. பழைய மருந்துகளில் பல இலையில் பட்டு, மழையில் கழுவுப்படும். இது வேரால் ஏறி, தண்டு, இலை, பூவின் மகரந்தம், அமுதம் வரைக்கும் போகும். மண்ணிலும் மாதக்கணக்கில் கிடக்கும். வயலுக்கு அடித்தது தண்ணீரோடு வரம்புக்குப் போய், வரம்பில் பூக்கிற செடியில் இருந்து தேனீயின் வாய்க்குப் போகலாம். தேனீ அந்த இடத்திலேயே விழுந்து சாக வேண்டும் என்றும் இல்ல. 2012 இல் பிரான்சில் தேனீக்களின் முதுகில் நுண்ணிய மின்னணு அட்டை ஒட்டிச் செய்த ஆய்வில், கொல்லாத அளவு தியாமெதொக்சாம் குடித்த தேனீக்களில் பல கூட்டுக்குத் திரும்பி வரவே இல்லை. வழி மறந்துவிடுகிறது. கூட்டின் வாசலில் பிணம் கிடக்காது. கூடு மெல்ல மெல்ல வெறுமையாகும்.

மனிதனைக் காப்பாற்ற நாங்கள் செய்த மாற்றம் தேனீக்குக் கூடின நஞ்சைக் கொண்டுவந்தது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. அளவுகோலில் தேனீ இல்லாததால் நடந்தது.

சொந்தக்காரர் உள்ள தேனீ, இல்லாத தேனீ

ஐரோப்பாவில் இது வெளியில் வந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. பிரான்சில் 1990களில் சூரியகாந்தி விதைக்கு இமிடாக்ளோபிரிட் பூசத் தொடங்கிய பிறகு தேனீ வளர்ப்போர் தெருவுக்கு இறங்கினார்கள். 1999 இல் சூரியகாந்திக்கு அது நிறுத்தப்பட்டது. 2008 வசந்த காலத்தில் ஜெர்மனியின் ரைன் பள்ளத்தாக்கில் சோள விதையில் பூசிய குளோத்தியானிடின் தூசியாகப் பறந்து சுமார் 11,500 கூடுகளைப் பாதித்தது. 2013 இல் ஐரோப்பிய ஒன்றியம் மூன்று நியோனிகொட்டினொயிட்டுகளைக் கட்டுப்படுத்தி, 2018 இல் திறந்த வயலில் அவற்றை முற்றாகத் தடுத்தது.

11,500 என்று எப்படி எண்ண முடிந்தது? அந்தக் கூடுகளுக்குச் சொந்தக்காரர் இருந்தார்கள். பெட்டிக்கு ஒரு விலை இருந்தது. முறைப்பாடு எழுத ஒரு ஆள் இருந்தார்.

எங்கட தேனீக்கள் பெரும்பாலும் காட்டுத் தேனீக்கள். இலங்கையில் தேனீ வளர்ப்பு கூடுதலாக மலைநாட்டோடு சேர்ந்தது. அரசின் தேனீ அபிவிருத்தி நிலையமும் பண்டாரவளைப் பக்கம் பிந்துனுவெவையில்தான் இருக்கிறது. கல்முனை வயல் வரம்பில் விழுகிற தேனீக்காக பொலிஸில் முறைப்பாடு கொடுக்கவோ நட்டஈடு கேட்கவோ ஒருவரும் இல்ல. கமநல சேவை நிலையத்தில் அதற்கு ஒரு படிவமும் கிடையாது.

இன்னொரு காரணம் நெல்லே. நெல் தன் பூவைத் தானே கருக்கட்டிக்கொள்ளும் பயிர். தேனீ ஒன்று கூட இல்லாவிட்டாலும் மூட்டை குறையாது. அதனால் நெல் மட்டும் விளைகிற ஊருக்குத் தேனீ போனது தெரியாது. ஆனா தேனீ நெல்வயலுக்கு வருகிறது! காலை வெயிலேறும் நேரம் நெற்பூ திறந்திருக்கும்போது மகரந்தம் எடுக்க வரும். நெல்லுக்கு அது தேவையில்லை, அதற்கு நெல் தேவை. சரியாக அந்த நேரத்தில் முதுகில் டாங்கியோடு மருந்தடிக்கிற ஆளும் வயலுக்குள் நிற்கிறார்.

வயலைத் தாண்டி வீட்டு வளவுக்கு வந்தால் கதை மாறுகிறது. பூசணியிலும் வத்தகப்பழத்திலும் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. விடியற்காலையில் திறக்கும் பூசணிப் பூ மதியத்துக்குள் மூடிவிடும். அந்தச் சில மணி நேரத்துக்குள் ஒரு தேனீ வராவிட்டால் பிஞ்சு மஞ்சளாகி விழும். பாகல், புடோல், வெள்ளரி எல்லாம் இதே இனம்தான். கத்தரியும் தக்காளியும் தன்மகரந்தம் என்றாலும், பூவை அதிர வைத்துத் தூளைக் கொட்டுகிற கருவண்டும் நீலவரித் தேனீயும் வந்தால் காய் நன்றாகப் பிடிக்கும். தேன் சேர்க்கிற தேனீக்கு அந்த வேலை தெரியாது. 2016 இல் ஐ.நா. சார்ந்த உயிரியல் பல்லின நிபுணர் குழு ஒன்று, உலகின் முக்கிய உணவுப் பயிர்களில் நான்கில் மூன்று ஓரளவுக்காவது விலங்கின மகரந்தச் சேர்க்கையில் தங்கியிருக்கிறது என்றது. எங்கட உம்மாமாரும் மாமிமாரும் வளவில் போடுகிற கொடியும் அதற்குள் அடங்கும். நெல்லின் கணக்குப் போடியாரின் கொப்பியில் இருந்தது. பூசணியின் கணக்கை யாரும் எழுதவில்லை.

இரண்டு தடைகள், ஒரே மறதி

அண்மைய காலத்திலும் இந்த மறதி தொடர்ந்தது. 2015 இல் கிளைபொசேட் களைநாசினி தடை செய்யப்பட்டபோது பேச்சு முழுக்க உலர் வலயத்துச் சிறுநீரக நோயைப் பற்றியே இருந்தது. 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தளர்த்தியபோது பேச்சு ஏற்றுமதியைப் பற்றி இருந்தது. அதே 2018 இல் டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கிளைபொசேட் தேனீயின் குடலில் இருக்கும் நல்ல பக்டீரியாக்களைக் குறைக்கிறது என்று காட்டினார்கள். அந்தச் செய்தி இங்கத்தைய விவாதத்துக்குள் வந்ததாக நாங்கள் எங்கும் காணவில்லை.

2021 மே மாதம் இரசாயனப் பசளையும் விவசாய இரசாயனங்களும் ஒரேயடியாக இறக்குமதித் தடைக்கு உள்ளாகின. முன்னாயத்தம் இல்ல, மாற்றுப் பசளை இல்ல. பெரும்போகம் நட்டத்தில் முடிந்தது. விவசாயிகள் நாடெங்கும் வீதிக்கு இறங்கினார்கள். நவம்பரில் தடை நீக்கப்பட்டது. அந்தச் சம்பவம் ஒரு கெட்ட மிச்சத்தை விட்டுப் போனது. இப்போ யாராவது ‘மருந்தைக் குறைப்போம்’ என்று வாய் திறந்தாலே, ‘திரும்பவும் 2021 ஆ?’ என்ற கேள்வி வருகிறது. நஞ்சா, பட்டினியா என்ற இரண்டு தெரிவுதான் இருப்பது போல ஒரு எண்ணம். இந்தோனேசியா 1986 இல் எடுத்த மூன்றாவது வழி யாருடைய ஞாபகத்திலும் இல்ல.

விவசாயியைக் குற்றவாளி ஆக்க நாங்கள் இதை எழுதவில்லை. கடனுக்கு விதை வாங்கி, கடனுக்குப் பசளை வாங்கி, வெள்ளத்துக்கும் தத்திக்கும் நடுவில் ஒரு போகத்தைக் கரை சேர்க்கிற ஆளிடம் போய் தேனீயைப் பற்றி உபதேசம் செய்ய எங்களுக்கு வாய் வராது. அந்த நஞ்சை முதலில் சுவாசிப்பதும் அவர்தான். ஆனா செலவில்லாத சில காரியங்கள் இருக்கின்றன. பூ திறந்திருக்கும் காலை நேரத்தை விட்டுவிட்டு, தேனீ கூட்டுக்குப் போன பிறகு பின்னேரம் அடிப்பது. பூச்சியை எண்ணிப் பார்த்து, தேவையான அளவுக்கு வந்தால் மட்டும் அடிப்பது. வரம்பு முழுவதையும் களைநாசினியால் எரிக்காமல் கொஞ்சம் பூச்செடியை விட்டு வைப்பது. தத்தியைத் தின்கிற பூச்சிகளுக்கும் அந்தப் பூக்கள் உதவும். சட்டத்தைப் பொறுத்தவரை, மருந்தைப் பதிவு செய்யும்போது எலியின் கணக்கோடு தேனீயின் கணக்கையும் எடைபோட்டு, அதைப் போத்தலில் தமிழிலும் சிங்களத்திலும் வாசிக்கக்கூடிய எழுத்தில் போடச் சொல்லிக் கேட்கலாம்.

கலைப்பீட மாணவர்களாகிய எங்களுக்கு ஆய்வுகூடம் இல்ல. எண்ணத் தெரியும், எழுதத் தெரியும். ஜெயரத்னமும் அவரோடு வேலை செய்தவர்களும் ஆஸ்பத்திரிப் பதிவேடுகளைக் கூட்டிக் கழித்து எழுதியதால்தான் மனிதச் சாவு ஒரு பிரச்சினையாகக் கண்ணில் பட்டது. அதனால் வருகிற சிறுபோகத்தில் இருந்து ஒரு கொப்பி தொடங்குகிறோம். உங்கட வளவில் ஒரு பூசணிப் பூவுக்கு முன்னால் காலை 7 மணிக்குப் 10 நிமிடம் உட்காருங்கள். எத்தனை தேனீ, எந்த வகை, பக்கத்து வயலில் எப்போ மருந்தடித்தார்கள் என்று எழுதி அனுப்புங்கள். மூத்தாப்பாமாரிடம் பழைய தேன்கூடு எந்த மரத்தில் இருந்தது என்று கேட்டு, அதையும் மரத்தின் பெயரோடு சேர்த்து எழுதுங்கள்.